டிடி-02: இடப்பக்கம் இழுக்கிறது, முழுசாகத் திருப்பினால் கார் செத்துத் திரும்ப உயிர் வருகிறது

புதுச்சில்லு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். டமியா டிடி-02 ரிமோட் கார் கிட் ஒன்று பூட்டி முடிந்தது, ரிமோட் செட்டிங்கில் சிக்கி நிற்கிறேன். தெரிந்த அண்ணாமார் வழி சொன்னால் நல்லது.

உள்ளே இருக்கிற சாமான்: கிட்டோடு வந்த 540 பிரஷ் மோட்டர், ஹாபிவிங் குயிக்ரன் 1060 ஈஎஸ்சி (மோட்டர் வேகத்தைக் கட்டுப்படுத்துவது), அச்சில் 25 பல் உள்ள மெட்டல் கியர் சேர்வோ (ஸ்டீயரிங்கைத் திருப்புவது, அனலொக், பெட்டியில் 11 கிலோ என்று போட்டிருக்கு), ஃப்ளைஸ்கை ஜிடி5 ரிமோட், அதோடு வந்த ஜைரோ (கார் சுழலாமல் பிடிக்கிற சென்சர்) உள்ள பிஎஸ்6 ரிசீவர், 2எஸ் (இரண்டு செல்) 5000 லைப்போ பற்றரி. பற்றரி பிளக் பழைய வெள்ளை டமியா பிளக்தான். ரிமோட்டும் ரிசீவரும் பைண்ட் (இணைப்பு) ஆகிவிட்டது. 1ஆம் சனலில் ஸ்டீயரிங், 2ஆம் சனலில் ஈஎஸ்சி.

கார் இடப்பக்கம் இழுக்கிறது. ஸ்டீயரிங் ட்ரிம்மை (ரிமோட்டில் நடுவைத் திருத்துவது) வலப்பக்கம் கடைசி மட்டும் கொண்டுபோயும் நேராகவில்லை. இடப்பக்கம் முழுசாகத் திருப்பினால் சேர்வோ ர்ர்ர் என்று இரைகிறது. வலப்பக்கம் இரைச்சல் இல்லை, ஆனால் திரும்புகிற வட்டம் பெரிது. இடப்பக்கம் முழுசாகப் பிடித்துக்கொண்டே ட்ரிகரை (ரிமோட்டின் வேக விசை) இழுத்தால் ஸ்டீயரிங், மோட்டர் எல்லாம் ஒரு விநாடி செத்து, தானாகத் திரும்ப வருகிறது.

இன்னொன்று. முதலில் ட்ரிகரை இழுத்ததும் கார் பின்னால் போனது. ரிமோட்டில் 2ஆம் சனலை ரிவர்ஸ் பண்ணினேன். இப்போது முன்னால் போகிறது, ஆனால் இரண்டு தரம் இழுத்தால்தான் போகிறது, வேகமும் குறைவு. ட்ரிகரை முன்னுக்குத் தள்ளினால் மட்டும் பின்பக்கமாகப் பறக்கிறது.

சேர்வோ பழுதா? பிஇசி (ரிசீவருக்கும் சேர்வோவுக்கும் ஈஎஸ்சி கொடுக்கிற கரண்ட்) காணாதா? வேறு சேர்வோ வாங்கவா?


ஈயக்கோல் எழுதியது:

வேறு சேர்வோ வாங்க வேண்டாம் தம்பி. இழுப்பு, இரைச்சல், செத்துப்போறது மூன்றுக்கும் மூலம் ஒன்றுதான். சேர்வோ நடுவில் நிற்காத நேரம் ஹோர்னை (சேர்வோ அச்சில் போடுகிற கை) பூட்டியிருக்கிறீங்க. சேசியில் செய்யவேண்டிய வேலையை ரிமோட்டுக்குக் கொடுத்தால் ட்ரிம் கடைசி மட்டும் போகத்தான் செய்யும்.

முதலில் ரிமோட்டில் இருக்கிற எல்லாத்தையும் ஆரம்ப நிலைக்குக் கொண்டுவாங்க: ஸ்டீயரிங் ட்ரிம், சப்-ட்ரிம் (சேர்வோவின் நடுவை நகர்த்துவது), எக்ஸ்போ (நடுப்பகுதியின் வேகத்தை மாற்றுவது) 0. டூவல் ரேட் (மொத்தத் திருப்பத்தின் அளவு) 100. இரண்டு பக்க எண்ட் பொயின்டும் (அந்தப் பக்கம் சேர்வோ போகிற எல்லை) 100. ஜைரோவை நிறுத்துங்க, அது ஓடினால் நடு எது என்றே தெரியாது. மோட்டர் வயர் இரண்டையும் கழற்றி, நுனிகளுக்குத் தனித்தனியாக டேப் சுற்றி விடுங்க. சேசியை ஒரு டின்மீன் பேணிக்கு மேல் வைத்தால் நாலு சில்லும் தரையில் படாது.

இனி சேர்வோ சேவரின் (மோதலில் சேர்வோவைக் காக்கிற ஹோர்ன்) நடு ஆணியைக் கழற்றி, சேவரை அச்சில் இருந்து இழுத்தெடுங்க. ரிமோட்டை முதலில் போட்டு, பிறகு ஈஎஸ்சியைப் போடுங்க. ஸ்டீயரிங் சில்லைக் கையால் இரண்டு பக்கமும் ஒருக்கா திருப்பி விட்டால் சேர்வோ தன் நடுவுக்கு வந்து நிற்கும். கரண்ட் இருக்கும்போதே சேவரை அச்சில் செங்குத்தாக நிற்க வைத்துப் போடுங்க. 25 பல் என்றால் ஒரு பல் தள்ளினால் 14.4 பாகை நகரும். அதனால் எப்படிப் போட்டாலும் கொஞ்சம் சரிவு மிஞ்சலாம், ஆனால் அது 7 பாகையைச் சற்றே தாண்டுவதற்குள் நிற்கும். அதற்கு மேல் சரிவு தெரிந்தால் ஒரு பல் தள்ளிப் போடுங்க. மிச்சத்துக்குத்தான் சப்-ட்ரிம். சப்-ட்ரிம் 20ஐத் தாண்டிப் போகிறது என்றால் பல்லைத் திரும்பப் பாருங்க, ஏனென்றால் சப்-ட்ரிம் கூடக்கூட ஒரு பக்க ஓட்டம் குறுகும்.

கிட்டில் சேவரோடு வருகிற உள் வளையத்தையும் ஒருக்கா பாருங்க. ஃபூட்டாபா ரகம் 25 பல், ஹைடெக் 24, சன்வா, கேஓ, ஜேஆர் 23. 25 பல் அச்சில் 23 பல் வளையத்தை அமுக்கிப் போட்டால் ஆரம்பத்தில் பிடிக்கிற மாதிரிதான் இருக்கும். ஒரு கல்லில் மோதினதும் பிளாஸ்டிக் பல் வழித்துப்போய் நடு மாறிக்கொண்டே இருக்கும்.

சேவர் நேராக நின்ற பிறகு டை ரொட் (முன்சில்லுகளைத் திருப்புகிற கம்பி). இடது வலது இரண்டும் மனுவலில் போட்ட நீளத்துக்கு ஒரே அளவாக இருக்கவேண்டும். மேலே இருந்து பார்த்தால் முன்சில்லு இரண்டும் நேராகவோ, முன்பக்கம் ஒரு பாகை அளவு வெளியே விரிந்தோ இருக்கலாம். சேவர் நேராக நிற்க ஒரு சில்லு மட்டும் வளைந்து நின்றால், அந்தப் பக்க டை ரொட்டைத் திருகிச் சரிப்படுத்துங்க, ரிமோட்டைத் தொடாதீங்க.

கடைசியாக எண்ட் பொயின்ட். இடது 60, வலது 60 என்று இறக்கி வையுங்க. ஸ்டீயரிங்கை இடப்பக்கம் முழுசாகப் பிடித்துக்கொண்டு எண்ணை ஒவ்வொன்றாக ஏற்றுங்க. சில்லைப் பிடிக்கிற நக்கிள் தன் எல்லையில் முட்டுகிற இடத்தில் சேர்வோ இரையத் தொடங்கும். அங்கே இருந்து 3 குறைத்து நிறுத்துங்க. வலப்பக்கமும் அப்படியே. முடிவில் இரண்டு எண்ணும் கிட்டக்கிட்ட வரவேண்டும். ஒன்று 95, மற்றது 65 என்று வந்தால் ஹோர்ன் இன்னும் நடுவில் இல்லை.

இரைச்சல் என்பது சேர்வோ போக முடியாத இடத்துக்குப் போகப் பார்க்கிற சத்தம். அந்த ரக 11 கிலோ சேர்வோ முட்டி நின்றால் 6 வோல்ட்டில் 2.5 அம்பியர் அளவுக்கு இழுக்கும். 1060இன் பிஇசி பதிப்பைப் பொறுத்து 2 அல்லது 3 அம்பியர்தான் கொடுக்கும். வோல்ட் விழுந்ததும் ரிசீவர் அணைந்து திரும்பப் பற்றுகிறது, அதைத்தான் நீங்க செத்துப்போறது என்று பார்க்கிறீங்க. நம்ப முடியாவிட்டால் மல்டிமீற்றரை ரிசீவரில் சும்மா இருக்கிற ஒரு சனலின் நடுப் பின்னிலும் நெகட்டிவ் பின்னிலும் வைத்துப் பிடித்து, இடப்பக்கம் முழுசாகத் திருப்பிப் பாருங்க.


கொட்டாஞ்சேனை540 எழுதியது:

ஸ்டீயரிங் பற்றி ஈயக்கோல் அண்ணன் சொல்லிட்டார். நான் ட்ரிகர் பக்கம் வாறேன்.

ஈஎஸ்சிக்கு எந்தப் பக்கம் முன்பக்கம் என்று தெரிந்தால்தான் பிரேக்கும் ரிவர்ஸும் ஒழுங்காக வரும். ஒரே இழுப்பில் போகிறதும் முழு வேகம் கிடைக்கிறதும் முன்பக்கம். முதல் தள்ளலில் பிரேக், விட்டு இரண்டாவது தள்ளலில் ரிவர்ஸ். இப்போது நீங்க ட்ரிகரை இழுக்கிறதை உங்கட ஈஎஸ்சி பிரேக் என்று எடுக்கிறது. அதுதான் இரண்டு தரம் இழுக்க வேண்டியிருக்கு, அதுதான் வேகமும் குறைவு.

அப்படியென்றால் முதலில் சனல் சரியாகத்தான் இருந்தது, மோட்டர்தான் மாறிச் சுற்றியது. 2ஆம் சனலை நோர்மலுக்குத் திருப்பி வைத்து, மோட்டருக்குப் போகிற இரண்டு வயரையும் இடம் மாற்றுங்க. பிரஷ் மோட்டருக்கு மட்டும்தான் இந்த வழி. சென்சர் உள்ள பிரஷ்லெஸ் என்றால் ஏ-க்கு ஏ, பி-க்கு பி, சி-க்கு சி என்றுதான் பூட்டவேண்டும், திசையை ஈஎஸ்சி மெனுவில் மாற்றவேண்டும். சென்சர் இல்லாத பிரஷ்லெஸ்ஸில் மூன்று வயரில் ஏதாவது இரண்டை மாற்றினால் போதும். பற்றரி வயரை எந்தக் காரணத்துக்காகவும் மாற்றிப் பூட்டிவிடாதீங்க, ஈஎஸ்சி அந்த இடத்திலேயே முடிந்துபோகும்.

மாற்றுவதற்கு முன்னம் ஒன்று பாருங்க. பேணிக்கு மேல் வைத்து ஒரு பின்சில்லைக் கையால் பிடித்து, மற்றப் பின்சில்லை மெதுவாகச் சுற்றினால் முன்சில்லும் அதே பக்கம் சுற்றுதா? டிடி-02இல் நடு ஷாஃப்ட் ஒன்றுதான் முன் பின் சில்லுகளை ஓட்டும். டிஃப் (இடது வலது சில்லுக்கு ஓட்டத்தைப் பிரிக்கிற கியர்) ஒன்றின் பெரிய பல்சக்கரம் மறுபக்கம் பார்த்துப் பூட்டுப்பட்டால் முன்னும் பின்னும் ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றும், இரண்டும் மாறினால் முழுக் காரும் பின்னால் போகும். முதல் தரம் பூட்டுகிற ஆட்களுக்கு அதிகம் நடக்கிற பிழை இது. ஒன்று மட்டும் மாறியிருந்தால் வயரை மாற்றி ஒரு பிரயோசனமும் இல்லை.

பிறகு ஈஎஸ்சியில் இருக்கிற இரண்டு சின்ன ஜம்பர் (இடம் மாற்றிக் குத்துகிற பின் மூடி). ஒன்று பற்றரி வகை, மற்றது ஓட்ட வகை. பற்றரி ஜம்பர் லைப்போவில் இருக்கா என்று கண்ணால் பாருங்க. லைப்போ நிலையில் 2எஸ் பற்றரியை 6.5 வோல்ட்டில் வெட்டும். நிக்கல் நிலையில் இருந்தால் 4.5 வோல்ட் மட்டும் இறங்க விடும், லைப்போ செல் அதற்கு முன்னமே ஊதிச் செத்துவிடும். போடும்போது மோட்டர் சத்தத்தையும் எண்ணுங்க: ஒரு சின்னச் சத்தம் என்றால் நிக்கல், இரண்டு 2எஸ், மூன்று 3எஸ். கடைசியாக ஒரு நீளச் சத்தம் வந்தால் ஈஎஸ்சி தயார்.

1060க்குத் தனியாகக் கலிபிரேஷன் பட்டன் இல்லை. ட்ரிகரைத் தொடாமல் ரிமோட்டைப் போட்டு, ஈஎஸ்சியைப் போட்டு, 3 விநாடி சும்மா விடுங்க. அது தானாக நடுவைப் பிடிக்கும். த்ரொட்டில் (ட்ரிகர்) ட்ரிம் 0, இரண்டு பக்க எண்ட் பொயின்ட் 100, எக்ஸ்போ 0. ட்ரிம் தள்ளி இருந்தால் தயாராகாது, அல்லது சும்மா நிற்கும்போதே ஊர்ந்து போகும். பின்னாளில் 10பிஎல்60 மாதிரி பிரஷ்லெஸ் ஈஎஸ்சிக்கு மாறினால், செட் பட்டனை அமத்திக்கொண்டு போட்டு, சிவப்பு விளக்கு மின்னத் தொடங்கினதும் விட்டு, நடுவில் ஒரு அமத்தல், முழு இழுப்பில் ஒரு அமத்தல், முழுத் தள்ளலில் ஒரு அமத்தல். பட்டனைக் கூட நேரம் பிடித்தால் புரோகிராம் மெனுவுக்குள் போய்விடும். ஃபூட்டாபா ரிமோட் வைத்திருக்கிறவை த்ரொட்டில் சனலை ரிவர்ஸில் வைத்துத்தான் தொடங்கவேணும், அவர்களுடைய திசை மற்றக் கம்பனிகளுக்கு எதிர்.

அந்த வெள்ளை பிளக்கை மாற்றிவிடுங்க. உள்ளே இருக்கிற தகட்டு முனை கொஞ்ச நாளில் தளர்ந்து சூடாகும். எக்ஸ்டி60 பிளக் நல்லது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் எலெக்ட்ரொனிக் சாமான் கடைகளில் கேட்டுப் பாருங்க, ஹீட் ஷ்ரிங்கையும் (சூட்டில் சுருங்குகிற உறை) சேர்த்து வாங்குங்க. பற்றரிப் பக்கம் வெட்டும்போது ஒரு வயரை வெட்டி, ஈயம் வைத்து, ஷ்ரிங் சுருக்கி முடித்த பிறகுதான் மற்ற வயரில் கை வைக்கவேணும். இரண்டையும் ஒரே வெட்டில் வெட்டினால் கத்திரிக்கோல் வாய் உருகிப்போகும்.


புதுச்சில்லு எழுதியது:

நன்றி அண்ணாமார். மீற்றர் வைத்துப் பார்த்தேன். நடுவில் 5.9 வோல்ட், இடப்பக்கம் முழுசாகப் பிடித்தால் 4.3. ஹோர்ன் ஒரு பல் தள்ளித்தான் இருந்தது. மாற்றிப் போட்டபிறகு சப்-ட்ரிம் 6, எண்ட் பொயின்ட் இடது 82, வலது 85. இரைச்சலும் செத்துப்போறதும் இல்லை. டிஃப் சரி, மோட்டர் வயர் மாற்றினேன், பிரேக் வருகிறது.

இப்போது மிஞ்சி இருக்கிறது இரண்டு. இடப்பக்கம் திருப்பி விட்டால் கொஞ்சம் இடப்பக்கமே நிற்கிறது, வலப்பக்கம் திருப்பி விட்டால் வலப்பக்கமே நிற்கிறது. எந்தப் பக்கம் ட்ரிம் பண்ணுவது?

மைதானத்தில் 40, 50 மீற்றர் தள்ளிப் போனால் இடைக்கிடை ஸ்டீயரிங் துடிக்கிறது, ட்ரிகரைக் கூட்டும்போதுதான் அதிகம். ஒருக்கா ரிமோட் கைதவறி அணைந்தபோது கார் நிற்காமல் ஓடியது. பயந்துவிட்டேன். யாரோ ரிசீவரில் 4700 மைக்ரோ கப்பாசிட்டர் பூட்டச் சொன்னார்கள், அது சரியா?


அலைபிடிப்பான் எழுதியது:

ரிமோட் அணைந்தும் கார் ஓடினால், மற்ற எல்லாத்தையும் வைத்துவிட்டு முதலில் ஃபெயில்சேஃப் (சிக்னல் போனால் கார் என்ன செய்யவேணும் என்ற செட்டிங்). ஒன்றரைக் கிலோ கார் ஆட்களுக்கு நடுவில் ஓடுகிற விஷயம் இது.

ரிமோட் மெனுவில் ஃபெயில்சேஃபுக்குப் போய் 2ஆம் சனலை நடுவில் வையுங்கோ, அல்லது நடுவுக்குச் சற்று பிரேக் பக்கம். ஸ்டீயரிங் எப்படி வைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. சில கம்பனி ரிசீவர்கள் பைண்ட் பண்ணுகிற நேரத்து நிலையைத்தான் ஃபெயில்சேஃபாக எடுத்து வைக்கும், அதனால் பைண்ட் பண்ணும்போது ட்ரிகரில் விரல் படக்கூடாது. ட்ரிகர் திசையை நீங்கள் மாற்றியிருக்கிறீங்கள், ஆகவே பழைய ஃபெயில்சேஃப் இருந்தாலும் அதை அழித்துப் புதிதாக வைக்கவேணும். சோதிக்கிறதும் லேசு: பேணிக்கு மேல் வைத்து, கால்வாசி ட்ரிகர் இழுத்து, சில்லு சுற்றும்போதே ரிமோட்டை அணையுங்கோ. ஒரு விநாடிக்குள் சில்லு ஓட்டம் விடவேணும். இதைப் பார்க்காமல் காலிமுகத்திடலுக்கோ கார் பார்க்குக்கோ கொண்டுபோக வேண்டாம். போடும்போது ரிமோட் முதலில், அணைக்கும்போது ரிமோட் கடைசியில் என்ற ஒழுங்கும் இதற்காகத்தான்.

இனித் துடிப்பு. ட்ரிகரைக் கூட்டும்போது அதிகம் என்றால் மோட்டர் சத்தத்தைச் சந்தேகிக்கவேணும். காதுக்குக் கேட்கிற சத்தம் இல்லை, பிரஷ் பொறி விடும்போது வருகிற மின் சத்தம். மோட்டரில் 0.1 மைக்ரோ ஃபரட் செராமிக் கப்பாசிட்டர் மூன்று இருக்கவேணும், உடம்பில் 104 என்று போட்டிருக்கும். ஒன்று இரண்டு முனைக்கும் நடுவில், மற்ற இரண்டும் ஒவ்வொரு முனையில் இருந்தும் மோட்டர் உடம்புக்கு. உடம்பில் ஈயம் ஒட்டாமல் உருண்டு விழும். அந்த இடத்தை அரத்தால் சுரண்டி, ஃப்ளக்ஸ் வைத்து, 60 வாட் கோலால் கெதியில் செய்து முடியுங்கோ. 25 வாட் கோலை நிமிசக்கணக்கில் பிடித்தால் ஈயம் ஒட்டமுன் உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் இளகிவிடும். கப்பாசிட்டர் கால்களைக் கட்டையாக வெட்டுங்கோ, நீளக் கால் வைத்தால் அதுவே ஏரியல் ஆகும்.

அடுத்தது அன்டெனா. 2.4 கிகாஹேர்ட்ஸ் ரிசீவரில் வேலை செய்கிறது வயரின் நுனியில் இருக்கிற 3 சென்டிமீற்றர்தான், அந்த அலையின் கால் நீளம் 31 மில்லிமீற்றர். மேல் உறை உரித்த அந்தத் துண்டு நேராக நிமிர்ந்து, சேசிக்கு வெளியே கிட்டோடு வந்த குழாய்க்குள் நிற்கவேணும். மிச்ச வயர் எப்படி வளைந்தாலும் பரவாயில்லை. நுனியை மடித்து பொடிக்குள் (காரின் மேல் மூடி) டேப் போட்டு ஒட்டுறது, பற்றரி வயரோடு சேர்த்துக் கட்டுறது, நீளம் கூட என்று வெட்டுறது மூன்றும் கூடாது. பழைய 27 மெகாஹேர்ட்ஸ் செட்டில் நீள வயரைத் தொங்கவிட்ட பழக்கத்தில் சிலர் இதையும் அப்படி நினைக்கிறார்கள். ரிசீவரை ஈஎஸ்சியில் இருந்தும் மோட்டரில் இருந்தும் எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி, தடித்த டபுள் டேப்பில் ஒட்டுங்கோ.

பிறகு தூரச் சோதனை: இன்னொரு ஆள் காரைத் தூக்கிப் பிடிக்க, நீங்கள் ரிமோட்டோடு 60, 70 மீற்றர் நடந்து, ஸ்டீயரிங்கை ஆட்டிக்கொண்டே ட்ரிகரையும் இழுத்துப் பாருங்கோ. ட்ரிகர் இல்லாமல் துடித்தால் அன்டெனா, ட்ரிகரோடு மட்டும் துடித்தால் மோட்டர். ரிமோட்டுக்குள் இருக்கிற நாலு ஏஏ பற்றரியும் புதிதாக இருக்கவேணும், குறைந்த பற்றரியிலும் இதே குணம் வரும்.

ரிமோட்டை வெளிநாட்டில் இருந்து எடுப்பிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அது வானொலி அலை வெளியிடுகிற கருவி, 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்துக்குள் வருவது. சுங்கத்தில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி கேட்டால் ஆச்சரியப்பட வேண்டாம். தனி லைப்போ பற்றரியைச் சர்வதேச விமானத் தபாலில் அனுப்பவே கூடாது, அதை இங்கே உள்ள கடையில்தான் பார்க்கவேணும்.


ஈயக்கோல் எழுதியது:

இரண்டு பக்கமும் மாறி மாறி நிற்கிறதற்கு ட்ரிம் மருந்தில்லை. ஒரு பக்கத்துக்கு ட்ரிம் பண்ணினால் மற்றப் பக்கம் இரட்டிப்பாக நிற்கும். அது உராய்வும் தளர்வும்.

சேவரில் இருந்து டை ரொட்டைக் கழற்றி, முன்சில்லுகளைக் கையால் ஆட்டிப் பாருங்க. காரைச் சரித்தால் ஸ்டீயரிங் பாகங்கள் தன் பாரத்திலேயே ஒரு பக்கம் விழவேண்டும். விழாவிட்டால் எங்கோ ஆணி இறுகியிருக்கு. பெரும்பாலும் நக்கிளின் கிங்பின் ஆணி (நக்கிள் சுற்றித் திரும்புகிற ஆணி), அல்லது ஸ்டீயரிங் கைகள் சுற்றுகிற ஆணி. கால் சுற்றுத் தளர்த்துங்க. பிளாஸ்டிக் மூட்டு உருண்டையில் இறுக்கமாக இருந்தால், குறட்டால் பக்கவாட்டில் மெதுவாக ஒருக்கா அமத்தி விட்டால் இளகும். லேசாக விழுகிறது, ஆனாலும் மாறி மாறி நிற்கிறது என்றால் சேவர்தான். கிட் சேவர் 3, 4 கிலோ சேர்வோவுக்கு நினைத்துச் செய்தது, 11 கிலோ சேர்வோ போட்டால் சில்லு அசைய முன்னம் சேவர் வளையும். உலோக வளையம் சுற்றிய பலமான சேவர் ஒன்று போடுங்க. பால் பெயரிங் போட்ட ஸ்டீயரிங் செட் பிறகு பார்க்கலாம், அவசரமில்லை.

4700 மைக்ரோ கதைக்கு. தீங்கில்லை, 10 வோல்ட்டோ 16 வோல்ட்டோ உள்ளதாகப் பார்த்து, பிளஸ் மைனஸ் மாறாமல், சும்மா இருக்கிற சனலில் குத்தலாம். ஆனால் அது ஒரு கணத்து வோல்ட் பள்ளத்தை நிரப்புமே தவிர, முட்டி நிற்கிற சேர்வோ விடாமல் இழுக்கிற கரண்டுக்கு ஈடு கொடுக்காது. எண்ட் பொயின்ட் பிழையாக இருக்கும்போது இதைப் பூட்டினால் கார் சாவதற்கு இன்னும் கொஞ்சம் நேரம் எடுக்கும், அவ்வளவுதான்.


கொட்டாஞ்சேனை540 எழுதியது:

அண்ணன் சொன்னது சரி, ஆனால் நான் பூட்டச் சொல்லுவேன். எண்ட் பொயின்ட் எவ்வளவு சரியாக வைத்தாலும் ஓடும்போது சில்லு கல்லில் முட்டும், மதிலில் முட்டும். அந்தக் கணத்தில் சேர்வோ எல்லை பார்க்காமல் இழுக்கும். 2 அம்பியர் பிஇசி என்றால் கப்பாசிட்டர் ஒரு காப்பு. விலையும் பெரிதில்லை.

ஓடும்போது திரும்பவும் நின்றால் எது நின்றது என்று பார்த்தால் பாதி விடை கிடைக்கும். ஸ்டீயரிங் வேலை செய்ய மோட்டர் மட்டும் நின்றால், பற்றரி வெட்டு வோல்ட்டுக்கு வந்திருக்கு, அல்லது ஈஎஸ்சி சூடாகித் தன்னைக் காப்பாற்றுது. இரண்டும் சேர்ந்து நின்று ரிசீவர் விளக்கு மின்னினால் பிஇசி அல்லது சிக்னல். கொழும்பு மத்தியான வெயிலில் தாரின் மேல் ஓட்டுகிறவர்கள் ஒரு பற்றரி முடிந்ததும் மோட்டர் உடம்பில் விரல் வைத்துப் பாருங்க. மூன்று விநாடி வைக்க முடியாவிட்டால் பினியன் (மோட்டர் அச்சில் உள்ள சின்னப் பல்சக்கரம்) பெரிது, அல்லது எங்கோ கியர் இறுக்கம். கிட்டின் 22 பல் பினியனும் 70 பல் ஸ்பரும் (பினியன் சுற்றுகிற பெரிய பல்சக்கரம்), உள்ளே இருக்கிற கியரையும் சேர்த்தால், 8.27க்கு 1 என்ற விகிதம், 540க்கு அது பாதுகாப்பான இடம். வேகம் வேண்டும் என்று பினியனைக் கூட்டினால் சூடும் சேர்ந்து கூடும்.


புதுச்சில்லு எழுதியது:

கிங்பின் ஆணிதான் இறுகியிருந்தது, இடப்பக்கம். ஃபெயில்சேஃப் வைத்து அணைத்துப் பார்த்தேன், நிற்கிறது. கப்பாசிட்டர் மூன்றும் இந்தக் கிழமை வைக்கிறேன். கடைசியாக இரண்டு கேள்வி: ஜைரோவை இனிப் போடலாமா? மழைத் தண்ணீர் பட்டால் என்ன செய்வது?


அலைபிடிப்பான் எழுதியது:

தண்ணீரை முதலில் சொல்கிறேன். பொடி லெக்சான் பிளாஸ்டிக், கீழே திறந்த சேசி, தண்ணீர் உள்ளே வராமல் தடுக்க முடியாது. ரிசீவரை ஒரு சாதாரணப் பிறந்தநாள் பலூனுக்குள் போட்டு, வயர்கள் வெளியே வருகிற கழுத்தை நூலால் இறுக்கிக் கட்டுங்கோ, அன்டெனா நுனி மட்டும் வெளியே. சேர்வோ, ஈஎஸ்சி எல்லாம் தண்ணீருக்குத் தாங்குமா என்பதை அதன் மனுவலில் பாருங்கோ. கடற்கரைப் பக்கம் ஓட்டினால் மழையைவிட உப்புத்தான் கேடு. வீட்டுக்கு வந்ததும் பிரஷால் மணல் தட்டி, ஈரத்துணியால் துடைத்து, உலர்த்தி, சில்லு அச்சுகளுக்கும் ஆணிகளுக்கும் ஒரு துளி மெல்லிய எண்ணெய் விடுங்கோ. மோட்டரின் பிரஷ் பக்கம் எண்ணெய் போகக்கூடாது.

பற்றரியை நிறுத்தின வாகனத்துக்குள் விட்டுவிட்டுப் போகவேண்டாம். ஒரு கிழமைக்கு மேல் ஓட்டப்போறதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்தி வையுங்கோ. 5000க்கு சார்ஜ் 5 அம்பியருக்கு மேல் வேண்டாம், பலன்ஸ் பிளக்கும் (செல்களைச் சமப்படுத்துகிற சின்ன பிளக்) பூட்டித்தான்.

ஜைரோ போடலாம், ஆனால் எல்லாம் நேரானபிறகு, குறைந்த அளவில் இருந்து. காரைத் தரையில் ஆடாமல் வைத்து ஈஎஸ்சியைப் போடுங்கோ, அந்த நேரம் அசைத்தால் ஜைரோ பிழையான நடுவை எடுத்துக்கொண்டு கார் திரும்ப இழுக்கும். பிறகு காரைத் தூக்கி, மூக்கை வெடுக்கென்று இடப்பக்கம் திருப்புங்கோ. முன்சில்லு வலப்பக்கம் வெட்டவேணும். இடப்பக்கம் வெட்டினால் ஜைரோ திசை தலைகீழ், அப்படியே ஓட்டினால் முதல் வளைவிலேயே சுழன்றுவிடும். ஜைரோ அளவை 20 வீதம்போல வைத்துத் தொடங்கி, நேர் ஓட்டத்தில் முன்சில்லு தானாக இடம் வலம் ஆடத் தொடங்குகிற இடத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கோ.

ரிசீவர் சேர்வோ அதிர்வெண்ணை மெனுவில் கூட்ட விடும். உங்களுடையது அனலொக் சேர்வோ, 50 ஹேர்ட்ஸிலேயே விடுங்கோ. கூட்டினால் கொஞ்ச நேரத்தில் சூடாகி உள்ளே இருக்கிற மோட்டர் எரியும்.

எக்ஸ்போ போட ஆசை வந்தால், நடுப்பகுதியை மெதுவாக்க மைனஸா பிளஸா என்பது கம்பனிக்குக் கம்பனி மாறும். எண்ணைப் பார்க்காமல் திரையில் வருகிற வளைவைப் பாருங்கோ. கோடு நடுவில் படுத்து, ஓரத்தில் நிமிர்ந்தால் மெதுவான பக்கம். ஜைரோவும் எக்ஸ்போவும் ஒரே நாளில் மாற்றவேண்டாம், எது என்ன செய்தது என்று பிறகு பிரித்துப் பார்க்க முடியாது.